கனி அம்மா பேசுதேன்

பயப்படாதீங்கக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. தனியாப் பேசிக்கிட்டு வாரேன்னுதான பாக்குதீங்க? பஸ்ஸு கிளம்பினதுல இருந்து நீங்க ஓரக்கண்ணால பாக்குறது எனக்குத் தெரியும். ஒத்திகை பாக்குதேன், அவ்வளவுதான். ஒருத்திகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எப்படிச் சொன்னா சரியா இருக்கும்னு சொல்லிச் சொல்லிப் பாக்குதேன். இப்ப நீங்க கேட்டது எங்க ஹாஸ்டல் வார்டன் குரல். அதுக்கு முந்தி பிரின்சிபால் குரல். பிரின்சிபால் எதைச் சொன்னாலும் சர்க்குலர் வாசிக்கிற மாதிரியே இருக்கும், அழுகை வராது, அதான் அவங்க குரல்ல பாத்தேன். என் குரல்ல சொல்லிப் பாத்தா பாதியில நின்னு போகுது.

ஆமாக்கா, மிமிக்ரி பண்ணுவேன். காலேஜ்ல மெர்லின்னா தெரியாதவங்க கிடையாது. பி.காம். ரெண்டாம் வருஷம். படிப்பும் சுமாரா வரும், ஆனா எங்கிட்ட யாரும் படிப்பப் பத்திக் கேக்க மாட்டாங்க. "மெர்லின், அக்கவுண்டன்சி சார் மாதிரி தும்மிக் காட்டு"ம்பாங்க. தும்மிக் காட்டுவேன். நீங்க தென்காசியா? நான் பாவூர்சத்திரத்துல இறங்கிருவேன். நமக்கு இன்னும் நேரம் கிடக்கு.

பாவூர்சத்திரத்துல என் கூடப் படிக்கிற பிள்ளை இருக்கா, வேல்கனின்னு பேரு. எனக்குக் காலேஜ் இருக்கிற பாளையங்கோட்டையிலயே வீடு. அவ ஹாஸ்டல். முதல் வருஷத்துல இருந்தே ஒரே பெஞ்சு. நான் வாயத் திறந்தா மூட மாட்டேன், அவ வாயத் திறக்கவே மாட்டா, அதனால சண்டை வந்ததே இல்ல. அவகிட்ட ஒரு வித்தை இருந்துச்சுக்கா. மைம் பண்ணுவா. பேசாம நடிக்கிறது இருக்குலா, அது. இல்லாத கிணத்துல இல்லாத வாளிய விட்டுத் தண்ணி இறைப்பா. வாளி மேல வர வர அவ தோளு இறங்கும் பாருங்க, நமக்குக் கை வலிக்கும். பொங்கல் முடிஞ்சு காலேஜ் திறந்தா எங்க ஊருல எல்லா காலேஜ்லயும் கல்ச்சுரல்ஸ்தான. இன்னைக்கு இந்த காலேஜ், அடுத்த வாரம் அந்த காலேஜ். எங்க மைம் டீம்ல கனி இல்லன்னா டீமே கிடையாது.

அங்கதான் வந்துச்சு வினை. ஹாஸ்டல் கேட்ட சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. ஒத்திகைக்கு நிக்கணும்னாலும் வெளியூர் போகணும்னாலும் வீட்டுல இருந்து அம்மாவோ அப்பாவோ வார்டனுக்குப் போன் போட்டுச் சொல்லணும். பிள்ளைங்க செல்போன் எல்லாம் வார்டன் அலமாரியில இருக்கும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால ஒரு மணி நேரம் குடுப்பாங்க. வீட்டுல இருந்து பேசணும்னா ஆபீஸ் ரூம் போனுக்குத்தான் பேசணும். அது பழைய லேண்ட்லைன். யாரு கூப்பிடுறாங்கன்னு நம்பர் காட்டாது. வார்டன் லீலாவதி மேடம்தான் எடுப்பாங்க, குரலை வச்சே "ஆங், முப்பத்திரெண்டாம் ரூம் அம்மாவா"ம்பாங்க. அதுல அவங்களுக்கு ஒரு பெருமை.

கனி அம்மா ஒத்துக்கிட மாட்டாங்க. மேடையில ஏறுறது, வெளியூர் போறது எதுவும் ஆகாது. கனி கேட்டுப் பாத்ததுக்கு, "படிக்கத்தான அனுப்பிருக்கேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. அந்த வாரம் நாகர்கோவில்ல கல்ச்சுரல்ஸ். டீம்ல பேர் குடுத்தாச்சு. கனி வந்து மரத்தடியில என் பக்கத்துல உக்காந்தா. அவ ஒண்ணும் கேக்கலக்கா. அத நான் சொல்லிறணும். நான்தான், "உங்க அம்மா குரலு எனக்கு வரும்ட்டி"ன்னேன்.

எப்படி வரும்னு கேளுங்க. பொங்கலுக்கு ரெண்டு நாளு அவ வீட்டுல போயி இருந்தேன். அவங்க அம்மா பீடி சுத்துவாங்க. மடியில இலையும் தூளும் பரப்பின சொளவு, பல்லுல நூலு. நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டே பேசுவாங்க, அதனால வார்த்தை எல்லாம் பல்லு வழியா சல்லடையில சலிச்ச மாதிரி வரும். ஒவ்வொரு பேச்சு முடியும்போதும் ஒரு "கேட்டியா". பெரியவங்கன்னா "கேட்டீயளா". எனக்கு அதெல்லாம் பாத்த உடனே நாக்குல ஒட்டிக்கிடும். அவங்க எனக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கிட்டே பேசுவாங்க, நான் தின்னுக்கிட்டே உள்ளுக்குள்ள பழகிக்கிடுவேன். தப்புன்னு தோணவே இல்ல. கனி அப்பா மார்க்கெட்டுல லோடு ஆட்டோ ஓட்டுறவரு. ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறைய சின்ன வெங்காயம் குடுத்து, "எங்க பிள்ளை உங்கூட இருந்தாத்தான் சிரிக்கா, பாத்துக்கம்மா"ன்னாரு.

மரத்தடியில பேசின மறுநாள் காலையில எங்க வீட்டு மாடியில நின்னு போன் போட்டேன். பல்லுல துணி தைக்கிற நூலு ஒண்ணக் கடிச்சுக்கிட்டேன். "வார்டனம்மாவா? கனி அம்மா பேசுதேன், கேட்டீயளா. பிள்ள நாகர்கோயிலுக்கு என்னமோ போட்டிக்குப் போகணுங்கா. அனுப்பி வைங்க, கேட்டீயளா." லீலாவதி மேடம், "நல்லா இருக்கீங்களாம்மா, பீடி வேலை எல்லாம் எப்படி"ன்னு விசாரிக்காங்க! நானும் இலை சரியில்ல, கூலி கட்டுபடியாகலன்னு கால் மணி நேரம் பேசினேன். போனை வச்சதுக்கப்புறம் எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

சிரிக்கீங்க பாத்தீங்களா. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க.

நாகர்கோவில்ல ரெண்டாம் பரிசு. அப்புறம் தூத்துக்குடி. அப்புறம் எங்க காலேஜ்லயே ஒத்திகை. ஒவ்வொண்ணுக்கும் கனி அம்மா போன் பேசினாங்க, அதாவது நான். கனிக்கு அந்த ரெண்டு மாசம் எப்படி இருந்துச்சு தெரியுமாக்கா? பஸ்ஸுல பாட்டுப் பாடினா. நடுரோட்டுல நின்னு ஐஸ் தின்னா. முன்னப் பின்ன தெரியாத காலேஜ் பிள்ளைங்க ஓடி வந்து அவ கூடப் போட்டோ எடுத்தாங்க. அந்தப் பிள்ளை வாழ்க்கையில அதுவரைக்கும் யாரும் அவளைத் தேடி வந்ததில்ல. அத நான்தான் குடுத்தேன். இப்பவும் அத நெனச்சா எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. இருக்கக் கூடாதுன்னு தெரியுது, ஆனா இருக்கு.

அதோட விட்டிருக்கலாம். மார்ச் மாசம் காலேஜ் டே. எனக்கு மூணு நிமிஷம் குடுத்தாங்க. "ஹாஸ்டலுக்குப் போன் பண்ணும் அம்மாக்கள்"னு ஐட்டம் எழுதிருந்தேன். ஒரு டவுன் அம்மா, ஒரு டீச்சர் அம்மா, ஒரு வெளிநாட்டு அம்மா. எல்லாம் சும்மா கற்பனை. முதல் அம்மாவுக்கு ஏதோ கொஞ்சம் சிரிச்சாங்க. ரெண்டாவது அம்மாவுக்குப் பின்னால இருந்து ஊளை விட ஆரம்பிச்சாளுங்க. உங்களுக்கு மேடையில நின்னு பழக்கம் இருக்காக்கா? ஊளை விட்டா அடுத்த வரி மறந்து போகும். பிரின்சிபால் கைக்கடிகாரத்தப் பாக்காங்க. என்கிட்ட ஒரு குரலு இருக்கு, எடுத்தா சபையே விழுந்துரும்னு எனக்குத் தெரியும். எடுக்கணும்னு நினைக்கல. வாயில தானா வந்துருச்சு.

"வார்டனம்மாவா? பாவூர்சத்திரத்துல இருந்து பேசுதேன், கேட்டீயளா."

அவ்வளவுதான், ஹாலே அதிருது. பேரு சொல்லலக்கா, சத்தியமா கனி பேரச் சொல்லல. "எம் மக குனிஞ்ச தலை நிமிர மாட்டா, கேட்டீயளா, அதனால அவளுக்குக் கழுத்து வலி, ஒரு தைலம் தேய்ச்சு விடுங்க"ன்னேன். பல்லுல நூலக் கடிக்கிற மாதிரி கடிச்சேன், மடியில சொளவு வச்சிருக்கிற மாதிரி உக்காந்தேன். பிரின்சிபால் கண்ணத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்காங்க. மூணு நிமிஷம் ஏழு நிமிஷம் ஆச்சு, யாரும் என்னை இறங்கச் சொல்லல. முன் வரிசையில லீலாவதி மேடமும் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு பாதியில நின்னு போச்சு. என்னையே பாத்தாங்க. நான் அதைக் கவனிச்சேன். கவனிச்சிட்டும் அடுத்த வரி சொன்னேன்.

இறங்கி வந்து கனியத் தேடினா, அவ தண்ணிக் குழாய்கிட்ட நிக்கா. "ஏட்டி, கோவமா?"ன்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டினா. அப்புறம், "எங்க அம்மா அப்படியா பேசுவா?"ன்னு கேட்டா. "சும்மா ஒரு காமெடிக்குத்தான்ட்டி"ன்னேன். "நல்லாத்தான் இருந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்கள்லா"ன்னு சொல்லிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. கோவம் இருந்தா திட்டிருக்கணும்லா? திட்டல. அதனால நானும் அதை அப்படியே விட்டுட்டேன். வார்டன் என்னைப் பாத்த பார்வையையும் அவகிட்ட சொல்லல. சொன்னா பயந்துருவா, அடுத்து மதுரைப் போட்டி இருக்கு, அதுக்கு வர மாட்டேன்னுருவா.

மதுரைக்குப் போக வேண்டிய நாளுக்கு மொத நாளு காலையில நான் போன் போடுறதா இருந்துச்சு. எங்க வீட்டுல தண்ணி வரல, குளிக்க நேரமாயிருச்சு, மத்தியானம் போட்டுக்கிடலாம்னு காலேஜுக்கு வந்துட்டேன். நான் போடலக்கா. அன்னைக்கு நான் அந்தப் போனுக்குப் பேசவே இல்ல.

பேசினது அவங்க அம்மா.

விடியக்காலம் கனி அப்பாவுக்கு நெஞ்சு வலி. தென்காசியில பாத்துட்டு, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்கன்னு ஆம்புலன்சுல அனுப்பிட்டாங்க. பெரியாஸ்பத்திரிக்கும் எங்க காலேஜ் ஹாஸ்டலுக்கும் ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷம் கூட ஆகாதுக்கா. ஆம்புலன்சுல வரும்போதே அவரு, "பிள்ளையக் கூப்பிடு, பிள்ளையக் கூப்பிடு"ன்னு சொல்லிக்கிட்டே வந்திருக்காரு. கனி செல்போன் வார்டன் அலமாரியில கிடக்கு. அவங்க அம்மா ஒத்தையில, ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு அந்த லேண்ட்லைனுக்குப் போட்டிருக்காங்க. "வார்டனம்மாவா? கனி அம்மா பேசுதேன்."

வார்டன் எனக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. மதுரைப் போட்டி நோட்டீஸ் போர்டுல இருக்குலா, இன்னைக்கு இவ கண்டிப்பாப் போடுவா, கையும் களவுமாப் பிடிக்கணும்னு. அந்தம்மா அழுகைய அடக்கிக்கிட்டு பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசிருக்காங்க. வார்டன் காதுக்கு அது நான் மேடையில கடிச்ச பீடி நூலு. "அவ அப்பாவுக்கு முடியல, பெரியாஸ்பத்திரியில இருக்கோம், பிள்ளைய அனுப்பி வைங்க, கேட்டீயளா"ன்னு கெஞ்சிருக்காங்க. அதுக்கு லீலாவதி மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? "ரொம்ப நல்லாப் பண்ணுதம்மா. அழுகை கூட அப்படியே வருது. கை தட்டணுமா?"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. மறுபடி அடிச்சிருக்கு. "இனி போட்டேன்னா பிரின்சிபால்கிட்டப் போவேன்"னு சொல்லி, ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிட்டாங்க.

கை தட்டணுமான்னு கேட்டிருக்காங்கக்கா. புருசன் ஸ்ட்ரெச்சர்ல கிடக்காரு. அந்தம்மாவுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?

மத்தியானம் கனி மாமா ஊருல இருந்து வந்து காலேஜுக்கே வந்துட்டாரு. கனி அப்ப எங்க கூட ஆடிட்டோரியத்துல ஒத்திகையில இருந்தா. அந்தக் கிணத்துத் தண்ணி சீன்தான். மாமாவக் கண்டதும் வாளிய விட்டுட்டு, அதாவது கைய அப்படியே விட்டுட்டு நின்னா. அவ போய்ச் சேரும்போது அவரு இல்ல.

நாங்க கிளாஸ் மொத்தமும் அவ வீட்டுக்குத் துஷ்டி கேக்கப் போனோம். அவங்க அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. என் காதுக்குள்ள அழுதாங்கக்கா. அந்தக் குரல எனக்கு அணு அணுவாத் தெரியும், எங்க ஏறும் எங்க இறங்கும்னு தெரியும். அழும்போதும் என் மண்டைக்குள்ள அது பதியுது. எனக்கு என்னையே செருப்பால அடிச்சுக்கிடணும் போல இருந்துச்சு.

அதுக்கு ரெண்டு மூணு நாளு கழிச்சு லீலாவதி மேடம் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாங்க. கதவைச் சாத்திட்டு நடந்ததெல்லாம் சொன்னாங்க. "நீன்னு நெனச்சேன்டி, நீன்னு நெனச்சுத்தான்டி வச்சேன்"னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. சொல்லுங்க, தப்பு யாரு மேல? அவங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்லா? கனிய ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாத்திருக்கலாம்லா? வார்டன்னா ஒரு பொறுப்பு வேண்டாமா? நான் அன்னைக்கு போனே போடல. அத நீங்க மறந்துராதீங்க. நான் போடல.

கனிக்கு இது ஒண்ணும் தெரியாது. அவ என்ன நெனச்சிட்டான்னா, அம்மா வேணும்னே சொல்லலன்னு நெனச்சிட்டா. ஏன்னா முன்னால ஒரு தடவ அப்படி நடந்திருக்கு. அவ பிளஸ் டூ பரீட்சை எழுதும்போது அவ தாய்மாமன் ஒருத்தர் இறந்துட்டாரு, பரீட்சை முடியிற வரைக்கும் வீட்டுல மறைச்சிட்டாங்க. இப்பவும் செமஸ்டர் வருதுன்னு மறைச்சிருக்கான்னு முடிவு கட்டிட்டா. அம்மா, "போன் போட்டேன் தாயி, கிடைக்கல"ன்னாங்களாம். "ஹாஸ்டல் போன் எப்பவும் கிடைக்கும், பொய் சொல்லாத"ன்னுட்டாளாம். அதோட அம்மாகிட்டப் பேச்ச நிறுத்திட்டா. ஒரே வீட்டுல ரெண்டே பேரு, ஒருத்திக்கு ஒருத்தி பேச்சில்ல. அவ சாப்பாட்டை எடுத்து வச்சிட்டு அம்மா வெளிய போயிருவாங்களாம், அப்பத்தான் அவ சாப்பிடுவாளாம். காலேஜுக்கும் வரல. திங்கக்கிழமை செமஸ்டர் ஆரம்பம்.

நேத்து அவங்க அம்மாதான் எனக்குப் போன் போட்டாங்க. "மக்கா, நீ வந்து கூப்பிட்டா அவ வருவா, ஒரு நடை வந்துட்டுப் போ"ன்னாங்க. அதான் கிளம்பிட்டேன். முழுசாச் சொல்லிறணும்னு நெனச்சுத்தான் கிளம்பினேன். பஸ்ஸு சீதபற்பநல்லூர் தாண்டினதும், வார்டன் போன எடுக்கலன்னு மட்டும் சொன்னாப் போதுமேன்னு தோணுச்சு. அது பொய் இல்லியே, பாதி உண்மைதான. அம்மா மேல இருக்கிற கோவம் போயிரும். என் பேச்சு அதுல வர வேண்டியதில்ல. அதைத்தான் வார்டன் குரல்ல சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன், நீங்க என்னை ஒரு மாதிரி பாத்தீங்க.

இருங்கக்கா, போன் வருது. அவங்கதான். கனி அம்மா.

ம்மா... ஆமாம்மா. ஆலங்குளம் தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல... அப்படியா? அவளாவா? ... சரிம்மா... என்னதும்மா? ... அம்மா, நான்... இல்லம்மா, நான் வந்து... ... ம். ... ம். ... சரிம்மா. வச்சிருதேன்.

ஒரு நிமிஷம்க்கா. தண்ணி இருக்கா? குடுங்க.

அவங்களுக்குத் தெரியுமாம். மொதல்ல இருந்தே தெரியுமாம். துஷ்டிக்கு மறுநாளே லீலாவதி மேடம் வீட்டுக்கு வந்து, காலைப் பிடிச்சு, கனி காதுல விழாம எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம். என் பேரையும், மேடையில நான் பண்ணினதையும் எல்லாத்தையும். நேத்து எனக்குப் போன் போடும்போதும் தெரியும். "போன் கிடைக்கல"ன்னு கனிகிட்டச் சொன்னது தெரிஞ்சுதான் சொல்லிருக்காங்க.

என்ன சொல்லுதாங்க தெரியுமா? "நீ வந்து உண்மையச் சொல்லணும்னு நெனச்சிருப்ப. சொல்லிராத மக்கா. நான் பெத்தவ, என் மேல கோவிச்சுக்கிட்டு அவ எங்க போயிருவா, இன்னைக்கில்லன்னா இன்னொரு நாளு பேசிருவா. உன் மேல கோவம் வந்துட்டா அந்தக் காலேஜ் வாசப்படிய மிதிக்க மாட்டா. அவளுக்கு அங்க உன்ன விட்டா யாரு இருக்கா? நீ கூட்டிட்டு மட்டும் போ, கேட்டியா"ன்னு.

எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமாக்கா? அப்பாடான்னு தோணுச்சு. சத்தியமா. அந்தம்மா எம் பாவத்தையும் சேத்துச் சுமந்துக்கிட்டு, பெத்த பிள்ளை மூஞ்சியப் பாக்க முடியாம ஒரு மாசமா இருந்திருக்காங்க. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரணும். அப்பாடான்னு வந்துச்சு. நான் எப்படிப்பட்டவ?

அவங்களே சொல்ல வேண்டாம்னுட்டாங்க, பெரியவங்க பேச்சக் கேக்கணும்லா? அவ படிப்பும் முக்கியம்லா? ஏதாச்சும் சொல்லுங்கக்கா. சரி, விடுங்க. நீங்க என்ன செய்வீங்க.

வந்துருச்சு. பாவூர்சத்திரம் வந்துருச்சு. இறங்குதேன் கண்டக்டர் சார், ஒரு நிமிஷம்.

அக்கா, அந்தா நிக்கா பாருங்க, பழக்கடை பக்கத்துல பச்சைத் தாவணி போட்டுக்கிட்டு. அவதான் கனி. நான் வாரேன்னு சொன்னதும் தலைய சீவிக்கிட்டு அவளாவே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பி வந்துட்டாளாம், இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் வீட்டை விட்டு வெளிய வந்திருக்காளாம். எப்படி மெலிஞ்சு போயிட்டா பாருங்க. சிரிக்கா. பஸ்ஸப் பாத்துச் சிரிக்கா.

இறங்குவேன், இறங்காம எங்க போவேன். பைய நானே எடுத்துக்கிடுதேன். நீங்க மட்டும் என்னை மறைச்சாப்புல கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்களேன், ஒரே ஒரு நிமிஷம். அவ ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டு வாரா.